மூன்று கறுப்புக் கன்னியர்
நெரிங்க்ஸ் சாமியாரும் லொரெட்டோ சபையும்

1

துறவற சபைகளின் வரலாற்றை யார் எழுதினாலும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். ஒரு சாமியார் இருப்பார். பக்திமான். ஏழைகளைப் பார்த்து மனம் இரங்குவார். நாலைந்து நல்ல பெண்கள் அவரிடம் வந்து சேர்வார்கள். ஒழுகுகிற குடிசையில் சபை தொடங்கும். பசி, நோய், எதிர்ப்பு எல்லாம் வரும். கடவுள் கைவிட மாட்டார். நூறு வருஷம் கழித்து அந்தக் குடிசை கல்லூரியும் ஆஸ்பத்திரியுமாக வளர்ந்து நிற்கும். நூற்றாண்டு மலரின் முதல் பக்கத்தில் நிறுவனரின் படம் வரும். இந்தக் கதையில் அடுப்பு ஊதியது யார், விறகு வெட்டியது யார், மடத்து நிலத்தை உழுதது யார் என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது. கேட்டதே பாவம் என்பது மாதிரி பார்ப்பார்கள்.

அப்படிக் கேட்பதற்குத் தோதான ஒரு வாழ்க்கையை இங்கே எடுத்துக்கொள்கிறேன். சார்லஸ் நெரிங்க்ஸ் என்பவர் பெல்ஜியத்தில் பிறந்து, அமெரிக்காவின் கென்டகி மாநிலத்தில் பங்குச் சாமியாராக இருந்தவர். 1812இல் லொரெட்டோ சகோதரிகள் சபையைத் தொடங்கியவர். (நம்ம நாட்டில் லொரெட்டோ கான்வென்ட் நடத்துகிற சகோதரிகள் வேறு. அவர்கள் மேரி வார்டு என்ற ஆங்கிலேயப் பெண்மணியின் வழிவந்து, அயர்லாந்திலிருந்து 1841இல் கல்கத்தாவுக்கு வந்தவர்கள்.) நெரிங்க்ஸ் பெயர் நம்மில் பலருக்குத் தெரியாது. அமெரிக்கக் கத்தோலிக்கர்களிலும் அவரைத் தெரிந்தவர்கள் அவரை கோயில் கட்டியவராக, குதிரையில் காடு காடாக அலைந்தவராகத்தான் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

எனக்கு அவர் முக்கியமாகப் படுவது வேறு காரணத்தால். 1824 மே மாதம், மனிதரை மனிதர் விலைக்கு வாங்குவது சட்டமாக இருந்த ஒரு மாநிலத்தில், அவர் மூன்று கறுப்பினப் பெண்களைத் தன் சபையில் சேர்த்து முக்காடு கொடுத்தார். அமெரிக்காவில் கறுப்புப் பெண்களைக் கன்னியராக்க நடந்த ஆரம்ப முயற்சி அது. சில வாரங்களில் அவர் அந்த மாநிலத்தை விட்டுப் போனார். ஆகஸ்டில் செத்தும் போனார். அவரோடு அந்த முயற்சியும் முடிந்தது. சபை இன்றும் இருக்கிறது. அந்த மூன்று பேர் ஏன் இருக்க முடியவில்லை?

2

நெரிங்க்ஸ் 1761 அக்டோபர் 2இல் பிராபன்ட் பகுதியின் ஹெர்ஃபெலிங்கன் ஊரில் பிறந்தார். அப்போது அது ஆஸ்திரிய ஆட்சியில் இருந்த நெதர்லாந்து. அப்பா வைத்தியர். பிள்ளைகள் நிறைய, இவர் மூத்தவர். லூவென் பல்கலைக்கழகத்திலும் மெக்கலன் குருமடத்திலும் படித்து 1785இல் குருப்பட்டம் பெற்றார். மெக்கலனில் உதவிப் பங்குச் சாமியாராக இருந்துவிட்டு, 1794இல் எவர்பெர்க்-மீர்பேக் என்ற கிராமப் பங்குக்குப் பொறுப்பேற்றார்.

அந்த 1794ஆம் வருஷத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பிரெஞ்சுப் புரட்சியின் படைகள் பெல்ஜியத்துக்குள் வந்த வருஷம் அது. அதே வருஷம் பிப்ரவரி 4இல் பாரிசில் கூடிய புரட்சி மன்றம் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமைமுறையை ஒழித்துத் தீர்மானம் போட்டது. ஒரு பக்கம் அடிமைக்கு விடுதலை, இன்னொரு பக்கம் கோயிலுக்குப் பூட்டு. அரசாட்சியை வெறுப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும் என்று 1797இல் குருக்களுக்கு ஆணை வந்தது. நெரிங்க்ஸ் மறுத்தார். கைது ஆணை பிறந்தது. சாமியார் தலைமறைவானார்.

டென்டர்மொண்டே நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அவருடைய அத்தை கன்னியர் தலைவியாக இருந்தார். அங்கேதான் பல வருஷம் ஒளிந்திருந்தார். பகலெல்லாம் ஓர் அறைக்குள் படிப்பும் எழுத்தும். ஊர் தூங்கிய பிறகு பூசை, பாவசங்கீர்த்தனம், சாகக் கிடந்தவர்களுக்கு அவஸ்தைபூசுதல். தன் சொந்தப் பங்குக்கே ராத்திரியில் திருடனைப்போல போய்வர வேண்டிய நிலைமை.

வேட்டையாடப்படுவது எப்படி இருக்கும் என்று இந்த மனிதருக்குத் தெரியும். மூச்சுச் சத்தம் வெளியே கேட்காமல் இருக்கப் பழகியவர். இப்படிப்பட்டவர்தான் பிறகு, ஓடிப்போன அடிமைகளை நாய் விட்டுத் தேடிப் பிடிக்கிற ஒரு மண்ணில் போய் இறங்குகிறார்.

புரட்சி ஒழித்த அடிமைமுறையை நெப்போலியன் 1802இல் திரும்பக் கொண்டு வந்தான். ஹெய்ட்டித் தீவின் கறுப்பு மக்கள் அதை ஏற்காமல் போராடி, 1804 ஜனவரி 1இல் சுதந்திரம் அறிவித்தார்கள். அதே 1804 ஆகஸ்டில் நெரிங்க்ஸ் ஆம்ஸ்டர்டாமிலிருந்து கப்பல் ஏறினார். மூன்று மாசக் கடல் பயணம். கப்பலில் நோயும் சாவும். பால்டிமோரில் இறங்கி, ஆயர் ஜான் கரோலைப் பார்த்தார். இங்கிலீஷ் படிக்க ஜார்ஜ்டவுனுக்கு அனுப்பினார்கள். ஜார்ஜ்டவுன் கல்லூரியைத் தாங்கி நின்றது மேரிலாந்தில் சேசு சபையினர் வைத்திருந்த தோட்டங்கள். அந்தத் தோட்டங்களைத் தாங்கி நின்றது அடிமைகளின் முதுகு. 1838இல் அந்தச் சேசு சபையினர் 272 பேரை லூசியானாவுக்கு விற்றார்கள் என்பது இப்போது உலகத்துக்கே தெரிந்த செய்தி. நெரிங்க்ஸ் அமெரிக்காவில் முதல் இங்கிலீஷ் வார்த்தை கற்றது அந்த வளாகத்தில்தான்.

3

1805இல் கென்டகி போய்ச் சேர்ந்தார். அந்த மாநிலம் முழுவதையும் ஸ்டீபன் பதேன் என்ற பிரெஞ்சுக் குரு கிட்டத்தட்ட ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அமெரிக்க மண்ணில் முதன்முதல் குருப்பட்டம் பெற்றவர் அவர்.

அங்கே இருந்த கத்தோலிக்கர்கள் யார்? 1785 முதல் மேரிலாந்திலிருந்து கூட்டம் கூட்டமாக வந்து குடியேறிய இங்கிலீஷ்காரக் குடும்பங்கள். மேரிலாந்தின் புகையிலை மண் செத்துப்போனதால் புது நிலம் தேடி வந்தவர்கள். ஒஹையோ ஆற்றில் படகில் மூட்டை முடிச்சு, ஆடு மாடு, ஜெபப்புத்தகம் எல்லாம் வந்தன. அடிமைகளும் வந்தார்கள். ஆக, அந்தக் காட்டுக்குள் நுழைந்த கத்தோலிக்க ஜனம் இரண்டு நிறத்தில் இருந்தது. ஞானஸ்நானம் ஒன்று, மந்திரம் ஒன்று. வரலாறு எழுதியவர்கள் 'முன்னோடிக் குடும்பங்கள்' என்று ஒரு நிறத்தை மட்டும் எண்ணினார்கள்.

கென்டகி 1792இல் மாநிலமானபோதே அடிமைமுறையை அரசியல் சட்டத்துக்குள் வைத்துப் பூட்டியது. 1810 கணக்கெடுப்பில் மாநில ஜனத்தொகை 4 லட்சத்துச் சொச்சம். அதில் 80,000 பேருக்கு மேல் அடிமைகள். 1820இல் 5,64,000 பேரில் சுமார் 1,26,000 பேர். ஐந்தில் ஒருவருக்கு மேல். நெரிங்க்ஸ் குதிரையேறிச் சுற்றிய நெல்சன், வாஷிங்டன் வட்டாரங்களின் கத்தோலிக்கத் தோட்டங்களும் இதற்கு விலக்கு இல்லை.

நெரிங்க்ஸ் பயங்கர உழைப்பாளி. உடம்பில் நல்ல வலு. மரத்தை வெட்டிச் சுமந்து, தானே ஏறி நின்று கோயில் கட்டியவர். பத்துக் கோயில் வரை கட்டினார் என்பார்கள். ஒரு ஊருக்கும் இன்னொரு ஊருக்கும் நடுவே நாள் கணக்கில் குதிரைச் சவாரி. ராத்திரி போய்ச் சேர்ந்தால் விடியற்காலையில் பாவசங்கீர்த்தனம், அப்புறம் பூசை, அப்புறம் சிறுவர்களுக்கு ஞானோபதேசம். கண்டிப்பு என்றால் அப்படி ஒரு கண்டிப்பு. ஆட்டம் பாட்டம் கூடாது. ஆடம்பர உடுப்பு கூடாது. நியூ ஆர்லியன்ஸ் மறைமாவட்டப் பொறுப்பைக் கொடுக்க முன்வந்தபோது வேண்டாம் என்று மறுத்தார். பதவி ஆசை இல்லாத மனிதர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் இவ்வளவு கண்டிப்பான சாமியார், நடனத்தைப் பாவம் என்று தடுத்தவர், தன் பங்கு மக்கள் ஆள் வைத்திருப்பதைத் தடுக்கவில்லை. அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. அங்கே ஆயரும் அடிமை வைத்திருந்தார், துறவற மடங்களும் வைத்திருந்தன. அடிமைக்கு ஞானஸ்நானம் கொடு, பூசைக்கு அனுப்பு, குடும்பத்தைப் பிரிக்காதே, அடிக்காதே என்று புத்தி சொல்வதோடு சாமியார் வேலை முடிந்தது. நல்ல எஜமான், கெட்ட எஜமான் என்று இரண்டு வகையாகப் பிரித்தார்களே ஒழிய, எஜமான் என்று ஒருத்தன் ஏன் இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. நல்ல பண்ணையார் கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதுசா என்ன?

4

சபை பிறந்த கதை அழகானது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

மேரி ரோட்ஸ் என்ற இளம்பெண், மேரிலாந்தில் கன்னியர் பள்ளியில் படித்தவர், கென்டகியில் குடியேறியிருந்த தன் உறவினரிடம் வந்தார். தன் அண்ணன் பெண்களுக்கு எழுத்து வாசனையே இல்லை என்று கண்டு, தானே சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்தார்கள். ஹார்டின்ஸ் க்ரீக் ஓடைக்கரையில், செயின்ட் சார்லஸ் கோயிலுக்குப் பக்கத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த மரக்குடிசையில் பள்ளி நடந்தது. கிறிஸ்டினா ஸ்டூவர்ட், நான்சி ஹேவர்ன் என்ற இரண்டு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். கன்னியராக வாழ விரும்புகிறோம் என்று மூன்று பேரும் பங்குச் சாமியாரிடம் போய்ச் சொன்னார்கள். 1812 ஏப்ரல் 25இல் நெரிங்க்ஸ் அவர்களுக்கு முக்காடு கொடுத்தார். 'சிலுவையடியில் மரியாளின் தோழியர்' என்ற பொருளில் பெயர் வைத்தார். இடத்துக்கு லொரெட்டோ என்று பெயர்.

யோசித்துப் பாருங்கள். ஐரோப்பாவிலிருந்து கன்னியர்களை இறக்குமதி செய்யாமல், அந்த மண்ணிலேயே, அந்தப் பெண்களின் விருப்பத்திலேயே பிறந்த சபை. முதல் அடி எடுத்து வைத்தது சாமியார் இல்லை, மேரி ரோட்ஸ். ஆனாலும் 'நிறுவனர்' என்ற பட்டம் சாமியாருக்குப் போயிற்று. இதையும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வாழ்க்கை கடுமை. வருஷத்தில் பாதி நாள் வெறுங்காலோடு நடந்தார்கள். வைக்கோல் படுக்கை. விறகு வெட்டுவது, நூல் நூற்பது, வயல் வேலை எல்லாம். காசநோய் பிடித்துக்கொண்டது. முதல் தலைவியான ஆன் ரோட்ஸ் அந்த 1812 முடிவதற்குள் செத்துப்போனார். முதல் பன்னிரண்டு வருஷத்தில் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். எல்லோரும் இளம் வயசு. ஒழுங்குகள் கடுமை என்று 1811இல் வந்து சேர்ந்த ஆயர் ஃபிளாஷே வருத்தப்பட்டார். நெரிங்க்ஸ் விட்டுக்கொடுக்கவில்லை. தானே ஐரோப்பா போய், ரோமில் ஒப்புதல் வாங்கி வந்தார். 1820இல் இரண்டாம் முறை போனவர் 1821இல் திரும்பும்போது தன்னோடு அழைத்து வந்த இளைஞர்களில் ஒருவர்தான், பின்னாளில் செவ்விந்தியர்களிடையே பேர் பெற்ற சேசு சபைக் குரு பியர்-ழான் தெ ஸ்மெட். 1823இல் மிசூரியிலும் ஒரு மடம் திறந்தது. 1824இல் சகோதரிகள் நூறு பேருக்கு மேல்.

இதுவரைக்கும் நூற்றாண்டு மலரில் வரும். வராதது இனிமேல்தான்.

அந்த மடம் அடிமைகளை வைத்திருந்தது. பணக்காரத் தோட்டத்திலிருந்து சபைக்கு வந்த பெண்கள் சீதனம் கொண்டு வந்தார்கள். நம்ம ஊரில் நகை, நிலம். அங்கே ஆள். அடிமைகளும் சீதனமாக மடத்துக்கு வந்தார்கள். சகோதரிகள் வெறுங்காலோடு வயலில் இறங்கினார்கள் என்பது உண்மை. அதே வயலில், விரதமும் வார்த்தைப்பாடும் இல்லாமலேயே, வேறு வழியின்றி வெறுங்காலோடு நின்றவர்கள் இருந்தார்கள் என்பதும் உண்மை. ஒருத்தியின் வறுமை அவள் தேர்ந்தெடுத்தது. அதற்குப் பெயர் புண்ணியம். இன்னொருத்தியின் வறுமை அவள் மேல் எழுதப்பட்டது. அதற்குப் பெயரே இல்லை.

5

இந்தப் பின்னணியில்தான் 1824 மே மாதம் வருகிறது. பன்னிரண்டு பெண்கள் புதுமுகமாக முக்காடு வாங்க முன்வந்தார்கள். அவர்களில் மூன்று பேர் கறுப்பினப் பெண்கள். சபைச் சகோதரிகள் வாக்களித்தார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் அவர்களுக்குச் சம்மதம் சொன்னார்கள். நெரிங்க்ஸ் இதைத் தன் கடிதத்தில் சந்தோஷத்தோடு பதிவு செய்திருக்கிறார்.

இந்த வாக்கெடுப்பை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. அடிமை வைத்திருந்த வீடுகளில் பிறந்த பெண்கள், கறுப்புப் பெண்ணைச் 'சகோதரி' என்று கூப்பிடச் சம்மதித்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில், அந்த மாநிலத்தில் அது பெரிய விஷயம்தான்.

ஆனால் அதே கடிதத்தில் நிபந்தனைகளும் இருக்கின்றன. அவர்களுடைய உடுப்பு வேறாக இருக்கும். மடத்தில் அவர்களுக்கான பொறுப்பும் வேலையும் வேறாக இருக்கும். சபையின் முக்கிய ஒழுங்குகளை அவர்களும் கடைப்பிடிப்பார்கள். வார்த்தைப்பாடு கொடுப்பார்கள். ஆனால் பன்னிரண்டு வருஷம் முடிந்த பிறகுதான் நிரந்தர வார்த்தைப்பாடு. அவர்களுக்கென்று தனி ஒழுங்குகள் முழுசாக எழுதி வைக்கப்பட்டன.

உடுப்பு வேறு, வேலை வேறு, காத்திருப்பு பன்னிரண்டு வருஷம். கடவுள் ஒருத்தர். எனக்கு இதைப் படித்தபோது வேறொரு நாட்டு விஷயமாகத் தோன்றவில்லை. எங்க சேரியிலிருந்து ஒரு அக்கா மடத்துக்குப் போனாங்க. எட்டாம் வகுப்பு வரை படிச்சவங்க, நல்லாப் பாடுவாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருவாங்க. கையெல்லாம் காய்ப்புக் காய்ச்சிருக்கும். "என்னக்கா, அங்க பாடம் எடுக்கிறீங்களா?" என்று நாங்கள் கேட்டால் சிரிப்பாங்க. சமையல்கட்டும் மாட்டுக்கொட்டகையும்தான் அவங்களுக்கு விதிச்ச ஊழியம் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அங்கே எந்த ஒழுங்குப் புத்தகத்திலும் சாதி என்று எழுதியிருக்காது. கென்டகியில் எழுதி வைத்தார்கள். எழுதி வைத்ததில் ஒரு நேர்மை இருக்கிறது, இன்றைக்கு நாம் எடுத்துக் காட்டிக் கேட்க முடிகிறது.

பன்னிரண்டு வருஷத்தின் அர்த்தம் என்ன? வெள்ளைப் பெண்ணின் இறையழைத்தலைச் சபை ஓரளவு நம்புகிறது. கறுப்புப் பெண்ணின் அழைத்தலை ஒரு தலைமுறைக் காலம் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறது. இவர்கள் நிலையாக இருப்பார்களா, கற்போடு இருப்பார்களா என்ற சந்தேகம் அந்த எண்ணுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அடிமைப் பெண்ணின் உடம்பு எஜமானுக்குச் சொந்தம் என்று சட்டம் வைத்திருந்தவர்கள், அவளுடைய கற்பின் மேல் சந்தேகப்பட்டார்கள்.

6

ஜூன் மாசம் நெரிங்க்ஸ் கென்டகியை விட்டு மிசூரிக்குப் புறப்பட்டார். ஒழுங்குகள் பற்றி ஆயர் ஃபிளாஷேயோடும், ஷப்ரா என்ற இளம் குருவோடும் இருந்த கருத்து வேறுபாடு முற்றிவிட்டது. தான் இருந்தால் சபை உடையும் என்று நினைத்துக் கிளம்பினார் என்பார்கள். வயசு அறுபத்திரண்டு. ஆகஸ்ட் 12இல் மிசூரியின் செயின்ட் ஜெனிவீவ் ஊரில் காய்ச்சலில் இறந்தார். 1833இல் அவர் எலும்புகளை லொரெட்டோவுக்குக் கொண்டுவந்து புதைத்தார்கள். அந்த இடத்துக்கு இன்று நெரிங்க்ஸ் என்றே பெயர்.

அவர் போன பிறகு ஷப்ரா சபைக்குப் பொறுப்பானார். ஒழுங்குகள் தளர்த்தப்பட்டன. வெறுங்கால் நடை போயிற்று. உடம்பைக் கொல்லும் விரதங்கள் குறைந்தன. இது நல்லதுதான், உயிர்கள் பிழைத்தன. அதோடு சேர்த்து மூன்று கறுப்புக் கன்னியரும் போனார்கள். வெள்ளைச் சகோதரிகளுக்குச் சீர்திருத்தம் வந்த அதே கையில் கறுப்புச் சகோதரிகளுக்கு வெளியேற்றம் வந்தது.

நான் படித்த புத்தகங்களில் மேரி, கிறிஸ்டினா, நான்சி, ஆன் என்று வெள்ளைப் பெண்கள் எல்லோரும் பெயரோடு வருகிறார்கள். நெரிங்க்ஸ் ஏறிப்போன குதிரைக்குக்கூட 'பிரின்டர்' என்று பெயர் பதிவாகியிருக்கிறது. அந்த மூன்று பேர் 'மூன்று கறுப்புப் பெண்கள்' என்ற எண்ணிக்கையாக மட்டும் வருகிறார்கள். குதிரைக்குக் கிடைத்த மரியாதை அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஐந்து வருஷம் கழித்து, 1829 ஜூலை 2இல், பால்டிமோரில் நாலு கறுப்பினப் பெண்கள் வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். தலைமை மேரி எலிசபெத் லேங்க். கரீபியத் தீவுகளிலிருந்து வந்த அகதிக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தன் வீட்டிலேயே பள்ளி நடத்திக்கொண்டிருந்தவர். ஜூபேர் என்ற பிரெஞ்சுக் குரு துணை நின்றார். 'ஒப்லேட் சிஸ்டர்ஸ் ஆஃப் பிராவிடன்ஸ்' என்ற அந்தச் சபை அமெரிக்காவின் முதல் கறுப்பினக் கன்னியர் சபையாக நிலைத்தது. 1842இல் நியூ ஆர்லியன்சில் ஹென்றியெட் டெலீல் இன்னொன்றைத் தொடங்கினார்.

பால்டிமோர் சபையும் சுகமாக வாழவில்லை. 1843இல் ஜூபேர் இறந்ததும் மேலிடம் அவர்களைக் கைகழுவியது. ஆதரவு தர ஆளில்லை. அந்தக் கன்னியர் துணி தைத்தார்கள், துவைத்துக் கொடுத்தார்கள், பள்ளியை மூடாமல் காத்தார்கள். நாலு வருஷம் கழித்து வேறொரு குரு துணைக்கு வரும்வரை அப்படியே ஓட்டினார்கள். லொரெட்டோவிலும் குரு போனார், பால்டிமோரிலும் குரு போனார். ஒரு இடத்தில் முயற்சி செத்தது, இன்னொரு இடத்தில் பிழைத்தது. வித்தியாசம் எங்கே? பால்டிமோரில் வீடு அவர்களுடையது. பள்ளி அவர்களுடையது. தலைவியைத் தேர்ந்தெடுத்தது அவர்கள். உடுப்பில் இரண்டு ரகம் கிடையாது. லொரெட்டோவில் இந்த மூன்று பேர் இன்னொருத்தர் வீட்டுக்குள், இன்னொருத்தர் கருணையில் நுழைந்தவர்கள். கருணை காட்டியவர் குதிரையேறிப் போனதும் கதவு சாத்திக்கொண்டது.

7

கென்டகியில் அடிமைமுறை 1865 டிசம்பரில்தான் முடிந்தது. அதுவும் நாடு முழுமைக்குமான 13ஆவது சட்டத்திருத்தம் வந்ததால். அந்தத் திருத்தத்தை மாநிலச் சட்டமன்றம் ஏற்றுக்கொண்டது 1976இல்! அதுவரை லொரெட்டோவிலும் பக்கத்து மடங்களிலும் அடிமைகள் இருந்தார்கள்.

கென்டகிக் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றின் அடிமையாகப் பிறந்த மார்த்தா ஜேன் என்ற பெண்ணை, எஜமானர் குடும்பம் மிசூரிக்குக் கொண்டு போனது. 1854இல் அங்கே அவளுக்குப் பிறந்த மகன்தான் அகஸ்டஸ் டோல்டன். குருவாக ஆசைப்பட்டார். அமெரிக்காவில் ஒரு குருமடமும் அவரைச் சேர்க்கவில்லை. ரோமுக்குப் போய்ப் படித்து 1886இல் பட்டம் பெற்றுத் திரும்பினார். ஒளிவு மறைவின்றிக் கறுப்பராக அறியப்பட்டு அமெரிக்காவில் பணி செய்த முதல் குரு அவர். நெரிங்க்ஸ் மூன்று பேருக்குப் பன்னிரண்டு வருஷக் காத்திருப்பு விதித்தார். திருச்சபை அந்த ஜனத்துக்கே அறுபது வருஷக் காத்திருப்பு விதித்தது.

லொரெட்டோ சகோதரிகள் செயின்ட் லூயிஸ் பகுதியில் வெப்ஸ்டர் மகளிர் கல்லூரியை நடத்தினார்கள். 1943இல் ஒரு கறுப்பின மாணவி அங்கே விண்ணப்பித்தார். இடம் மறுத்தார்கள். அந்த விவகாரம் ஊரில் பெரிதாக வெடித்தது. சேசு சபைக் குருக்கள் சிலர் பிரசங்க மேடையிலேயே கண்டித்தார்கள். அதன் தொடர்ச்சியாக 1944இல் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் கறுப்பின மாணவர்களுக்குக் கதவு திறந்தது. வெப்ஸ்டர் கல்லூரியும் பிறகு திறந்தது. 1824இல் சாத்திய கதவு, 120 வருஷம் கழித்தும் அதே ஜனத்தின் முகத்தில் சாத்தப்பட்டதைப் பாருங்கள்.

2000ஆம் ஆண்டில் லொரெட்டோ, நாசரேத், டொமினிக்கன் ஆகிய மூன்று கென்டகிச் சபைகளின் சகோதரிகள் பார்ட்ஸ்டவுன் பழைய பேராலயத்தில் கூடி, தங்கள் சபைகள் அடிமைகளை வைத்திருந்ததற்காகக் கறுப்பின மக்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்கள். மன்னிப்புக் கேட்டதோடு இது முடிந்துவிடாது என்பது உண்மைதான். ஆனாலும் மன்னிப்புக் கேட்க வேண்டுமானால் முதலில் நடந்ததை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த ஒத்துக்கொள்ளுதல் சும்மா வரவில்லை. சிப்ரியன் டேவிஸ் என்ற கறுப்பினத் துறவி 1990இல் கறுப்புக் கத்தோலிக்கரின் வரலாற்றை எழுதினார். ஷானன் டீ வில்லியம்ஸ் என்ற கறுப்பின ஆய்வாளர் கறுப்புக் கன்னியரின் வரலாற்றை 2022இல் புத்தகமாக்கினார். மடத்து நாளேடுகளையும் ஞானஸ்நானப் பதிவேடுகளையும் கணக்குப் புத்தகங்களையும் கடிதங்களையும் புரட்டிப் பார்த்தவர்களால்தான் அந்த வரலாறு வெளியே வந்தது.

நெரிங்க்ஸ் நல்லவரா கெட்டவரா என்று தீர்ப்புச் சொல்லி இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு விருப்பமில்லை. அவர் வீரமானவர். எளிமையானவர். காலத்தைத் தாண்டி ஒரு அடி எடுத்து வைத்தவர். அந்த ஒரு அடியிலும் அளவுகோலைக் கையில் வைத்திருந்தவர். ஒரு நல்ல மனிதரின் நல்லெண்ணம் எவ்வளவு தூரம் போகும், எங்கே நிற்கும் என்பதற்கு அவர் வாழ்க்கை கணக்குப் போட்டுக் காட்டுகிறது. அடிமை உழைப்பில் நிற்கிற வீட்டுக்குள், அடிமைச் சாதியிலிருந்து மூன்று பேரைச் சகோதரிகளாகச் சேர்த்தால், வீட்டை மாற்ற வேண்டும். வீட்டை மாற்றாவிட்டால் அந்த மூன்று பேரைத்தான் வெளியே அனுப்ப வேண்டியிருக்கும். லொரெட்டோவில் இரண்டாவது நடந்தது.

நம்மில் மாணவர்கள் இருக்கிறீர்கள், எழுதுகிறவர்கள் இருக்கிறீர்கள், இயக்கத் தோழர்கள் இருக்கிறீர்கள். நம் பக்கத்து மடங்களிலும் நாளேடு உண்டு, பதிவேடு உண்டு, கணக்குப் புத்தகம் உண்டு. யார் எந்த வருஷம் சேர்ந்தார்கள், எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள், என்ன வேலை கொடுத்தார்கள், யார் பாதியில் திரும்பி வந்தார்கள், ஏன் வந்தார்கள் என்று கேளுங்கள். திரும்பி வந்த அக்காமார் இன்னும் ஊர்களில் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் வாய் திறக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். முதலில் அவர்கள் பெயரை எழுதுங்கள்.